கடன் ஆப் மிரட்டுகிறது, என்ன செய்வது? ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். வயது 34. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டப் பணம் குறைந்தது. பேஸ்புக்கில் வந்த விளம்பரத்தை அழுத்தி, ஒரு கடன் ஆப்பை இறக்கி 6,000 ரூபாய் கேட்டேன். கணக்கில் வந்தது 3,700 தான். ஏழு நாளில் 6,000 கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டேன். மறுநாளே 'பாக்கி இருக்கிறது' என்று இன்னும் 3,000 கேட்டார்கள். பயந்துபோய் அதையும் கட்டினேன். இப்போது தினமும் வேறு வேறு நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வருகிறது. லோனுக்காக எடுத்த செல்ஃபியில் இருந்த என் முகத்தை ஓர் ஆபாசப் படத்தில் ஒட்டி, என் கொழுந்தனாருக்கும் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டார்கள். அடுத்து மகளின் கிளாஸ் டீச்சருக்கு அனுப்புவோம் என்கிறார்கள். இவ்வளவு நம்பரும் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? இன்னும் கொஞ்சம் கட்டினால் விட்டுவிடுவார்களா? என் நம்பரை மாற்றிவிடட்டுமா? வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. செத்துவிடலாம் போல இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த நினைப்பு மறுபடி வந்தால், போனை எடுத்து 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், பணம் கிடையாது. நம் மாநில அரசின் 104 எண்ணிலும் பேசலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் உட்கார்ந்தாலும் சரி, இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். உங்களுக்கு நடந்திருப்பது ஒரு குற்றம். செய்தவர்கள் அவர்கள். இதிலிருந்து வெளியே வந்த பெண்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன், நீங்களும் வந்துவிடுவீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விகள்.

இன்னும் கட்டினால் விடுவார்களா? விடமாட்டார்கள். ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். நீங்கள் வாங்கிய 3,700 ரூபாய்க்கு ஏழு நாளில் 6,000 கட்டியிருக்கிறீர்கள். வட்டியை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, பத்து ரூபாய் என்றால் பத்து வட்டி. பத்து வட்டிக்காரரையே ஊரில் கந்துவட்டிக்காரர் என்று திட்டுவோம். உங்களிடம் இவர்கள் வாங்கியது ஒரே வாரத்தில் நூற்றுக்கு 62 ரூபாய். மாதத்துக்கு என்று பார்த்தால் 266 வட்டி. அதற்கு மேல் 3,000 வேறு. கடன் என்று ஒன்று இருந்திருந்தால் அது ஆறாயிரத்தோடு தீர்ந்துபோனது. நீங்கள் இரண்டாவது முறை கொடுத்த 3,000 தான் அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னது: இந்தப் பெண் பயந்தால் கட்டுவாள். பயந்து கட்டுபவரின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருவதுதான் இவர்கள் வழக்கம். என்னிடம் வந்த ஒரு பெண் பதினொரு முறை கட்டியிருந்தார். பதினொரு முறையும் 'இதுதான் கடைசி' என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

நம்பர்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பை இறக்கியதும் போன் உங்களிடம் வரிசையாகச் சில கேள்விகள் கேட்டிருக்கும். தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா, போட்டோக்களைப் பார்க்க அனுமதிக்கவா, எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்க அனுமதிக்கவா? பீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கும்போது யாரும் அதை நின்று படிப்பதில்லை. 'அலவ்', 'அலவ்' என்று அனுமதியை அழுத்திக்கொண்டே போவோம். நீங்கள் அழுத்திய சில நிமிடங்களுக்குள் உங்கள் போனில் சேமித்திருந்த பெயர்களும் எண்களும் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போயிருக்கும். இனி ஆப்பை நீக்கினாலும் போனது போனதுதான், அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆப்பை அழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி நாட்களைக் கடத்துபவர்கள் நிறைய.

இந்தத் திருட்டு புதிதில்லை. 2021-இல் ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, ஆண்ட்ராய்டு போன்களுக்கான ஆப் கடைகளில் இந்தியர்களுக்குக் கடன் தருவதாகச் சொன்ன சுமார் 1,100 ஆப்களைத் தேடிப் பார்த்ததில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. அதன் பிறகு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளைக் கொண்டுவந்தது. கடன் தரும் ஆப் உங்கள் தொடர்புப் பட்டியலையும், போட்டோக்களையும், அழைப்புப் பதிவுகளையும் தொடக்கூடாது. அடையாளத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு முறை கேமராவையும் இருப்பிடத்தையும் கேட்கலாம், அதுவும் உங்கள் சம்மதத்தோடு. கூகுளும் 2023 மே 31 முதல் தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் ஆப்கள் தொடர்புகளையும் படங்களையும் கேட்பதற்குத் தடை போட்டது. அறுபது நாளுக்குள் முழுக் கடனையும் திருப்பிக் கேட்கும் ஆப்புக்கு அங்கே இடமே கிடையாது. அப்படியானால் 'ஏழு நாள் கடன்' என்ற சொல்லிலேயே திருட்டு வாடை அடிக்கிறது, இல்லையா? உங்களுக்கு வந்தது விளம்பரத்தை அழுத்தியதும் நேராக போனில் இறங்கும் ஏ.பி.கே. கோப்பாகத்தான் இருக்கவேண்டும். 'தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா' என்று போன் ஒரு தடவை எச்சரித்திருக்கும். அங்கேதான் கதவு திறந்தது.

இதில் உங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. நீங்கள் தையல்காரர். உங்களிடம் அளவு நோட்டு ஒன்று இருக்கும். ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேருடைய மார்பளவும் இடுப்பளவும் அதில் இருக்கும். யாராவது ஓர் ஆள் வந்து 'அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று கேட்டால் கொடுப்பீர்களா? துடைப்பத்தைத் தூக்கியிருப்பீர்கள். அந்த அளவுகளில் வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் அவை உங்களை நம்பிக் கொடுத்தவை, உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியவை. அந்தரங்கம் என்பது அவ்வளவுதான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏதோ தப்பை ஒளித்துவைப்பது போல ஓர் அர்த்தம் ஏறிவிட்டது. 'என்கிட்ட மறைக்க என்ன இருக்கு' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். போனில் உள்ள தொடர்புப் பட்டியலும் ஓர் அளவு நோட்டுதான். அதில் இருப்பது உங்கள் விஷயம் மட்டுமில்லை, உங்களை நம்பி நம்பர் கொடுத்தவர்களுடையதும் கூட. கொழுந்தனாரும் கிளாஸ் டீச்சரும் அந்தப் பிளவுஸ் வாடிக்கையாளர்களும் எந்த ஆப்பிலும் கடன் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள்ளும் இந்த அசிங்கம் நுழைந்திருக்கிறது. அதனால்தான் அடுத்து சொல்லப்போவதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அவர்கள் அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கும்பலிடம் இருப்பது ஒரே ஆயுதம். அந்தப் படத்தைக் கூட நான் ஆயுதம் என்று சொல்லமாட்டேன். படம் போலி, பார்த்தாலே பல நேரம் தெரியும். 'தெரிந்தால் என்ன நினைப்பார்களோ' என்ற உங்கள் பதைப்புதான் அவர்களுடைய ஆயுதம். எல்லாருக்கும் தெரிந்த பிறகு மிரட்ட என்ன மிச்சம் இருக்கும்? முன்பு கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று கத்துவான், தெருவே கேட்கும். இவர்கள் உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொருவர் வாசலிலும் தனித்தனியாகப் போய் நிற்கிறார்கள், அவர்களோ அதை உங்களிடம் வந்து சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை நீங்கள்தான் உடைக்க முடியும். வார்த்தை தேடிக் கஷ்டப்படாதீர்கள், இதை அப்படியே அனுப்புங்கள்:

"வணக்கம். ஒரு மோசடிக் கடன் ஆப் என் போனில் இருந்த நம்பர்களைத் திருடிவிட்டது. என் முகத்தை ஒட்டிய போலிப் படம் உங்களுக்கு வந்திருக்கலாம், வரலாம். அது நான் இல்லை. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதும் குற்றம். அனுப்பியவரின் நம்பரையும் நேரத்தையும் மட்டும் எனக்குச் சொல்லிவிட்டு, ரிப்போர்ட் கொடுத்து பிளாக் செய்துவிடுங்கள். போலீசில் புகார் கொடுக்கிறேன். உங்கள் நம்பர் என்னால் வெளியே போனதற்கு வருந்துகிறேன்."

கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். அது உங்களைத் தாழ்த்தாது. கேட்பவருக்கு உங்கள் மீது வரும் மரியாதையே அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் செய்தால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். ஆகவே ஸ்டேட்டஸிலும் போடுங்கள், முக்கியமானவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். கிளாஸ் டீச்சருக்கு மட்டும் மெசேஜ் வேண்டாம். நேரில் போங்கள், அல்லது போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். 'டீச்சர், எனக்கு ஒரு பிரச்சினை, உங்களுக்கும் ஏதாவது வரலாம், பிள்ளை காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் போதும். ஒரு டீச்சர் இதைப் புரிந்துகொள்ளமாட்டார் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் சாட்சியம். எதையும் அழிக்காதீர்கள். பார்க்கவே கூசும், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மெசேஜ்கள்தான் உங்கள் வழக்கு. ஒவ்வொரு உரையாடலையும் அனுப்பியவரின் நம்பர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நம்பர் தெரியாத ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு காவல் துறை எதுவும் செய்யமுடியாது. அதன் பிறகு பிளாக் செய்யலாம். ஆப்பின் பெயர், சின்னம், அதில் காட்டும் கடன் விவரம், வந்த விளம்பரம் ஆகியவற்றையும் படம் எடுங்கள். உங்கள் கணக்கில் 3,700 வந்தது, 6,000 போனது, 3,000 போனது, இந்த மூன்றுக்கும் பாஸ்புக்கில் அல்லது யு.பி.ஐ. ஆப்பில் யு.டி.ஆர். எண், அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண், இருக்கும். எந்த யு.பி.ஐ. ஐடிக்குப் போனது என்பதும் இருக்கும். முறையாகக் கடன் தருபவரிடம் வாங்கியிருந்தால் திருப்பிக் கட்டும் பணமும் நேராக அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகவேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு தனி ஆள் பெயருக்குப் போயிருந்தால் அதுவே ஒரு சாட்சியம். இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி, நேரம், நம்பர், என்ன சொன்னான் என்று வரிசையாக எழுதுங்கள். அளவு எடுப்பதுபோல எழுதுங்கள், கால் இஞ்ச் விடாமல்.

சாட்சியங்களை எடுத்து முடித்த பிறகுதான் ஆப்பைத் தொடவேண்டும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் போய் கொடுத்த அனுமதிகளை எல்லாம் நிறுத்திவிட்டு நீக்குங்கள். போன் முழுவதையும் ரீசெட் செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள். புகார் பதிவாகும்வரை அது வேண்டாம்.

புகாருக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் செய்யுங்கள். 1930 என்ற எண்ணை இன்றே கூப்பிடுங்கள். பணம் போன கணக்கை முடக்குவதற்கான தேசிய எண் அது. உங்களுக்கு நாள் கடந்துவிட்டதால் பணம் திரும்பும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு பதிவில் ஏறும். அடுத்தது, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கு அதில் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அதில் தெரிவிக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் பெயரோடு கொடுங்கள், விசாரணைக்கு நீங்கள் தேவை. அதில் கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போங்கள்.

காவல் நிலையத்தில் இரண்டு கேள்விகள் வரக்கூடும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒன்று, 'இது எங்க லிமிட் இல்லையே.' 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பெண்ணின் மானத்தை அவமதிக்கும் குற்றத்தைப் பற்றி ஒரு பெண் சொல்லும்போது அதைப் பெண் காவலர்தான் எழுதவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் படத்தைப் பெண் காவலரிடம்தான் காட்டுவேன் என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம். இரண்டாவது கேள்வி, 'ஏம்மா இதுல எல்லாம் போய்க் கடன் வாங்குற?' தலை குனியாதீர்கள். வாங்கினேன், வட்டியோடு கட்டிவிட்டேன், இதோ கணக்கு. அவ்வளவுதான் பதில். மனுவில் பணம் பறித்தல், குற்றமுறு மிரட்டல், பெண்ணின் மானத்தை அவமதித்தல், ஆபாசப் படத்தை மின்னணு வழியில் பரப்புதல் என்ற நான்கும் இருக்கட்டும். புதிய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 308, 351, 79 ஆகிய பிரிவுகள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67, 67ஏ. எண்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதும். கடன் கொடுத்தவர்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் வந்த தனிச் சட்டமும் டிஜிட்டல் கடனைச் சேர்த்துத்தான் பேசுகிறது, அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

பிடிபடுவார்களா என்று கேட்பீர்கள். எல்லா வழக்கிலும் இல்லை. மிரட்டுபவன் ஒரு மாநிலத்தில், பணம் போன கணக்கு இன்னொரு மாநிலத்தில், அந்தக் கணக்கின் சொந்தக்காரர் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு அதை வாடகைக்கு விட்ட கூலித் தொழிலாளி, ஆப்பை நடத்துபவன் நாட்டுக்கு வெளியே. இப்படித்தான் பல வழக்குகள் இருக்கின்றன. ஆனாலும் புகார் கொடுப்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. புகார் எண் கையில் இருந்தால்தான் படத்தை நீக்கச் சொல்லவும், நாளை உங்கள் பான் கார்டில் வேறு யாராவது கடன் வாங்கியிருந்தால் மறுக்கவும் உங்களுக்கு ஆதாரம் இருக்கும்.

படம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் வந்தால், அங்கேயே ரிப்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. முகத்தை ஒட்டி மாற்றிய படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லின, 2026 பிப்ரவரியில் அந்த அவகாசத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை ஒன்றும் இருக்கிறது. அதில் உங்கள் படத்தை யாருக்கும் அனுப்பவேண்டாம். உங்கள் போனிலேயே அந்தப் படத்திலிருந்து கைரேகை போன்ற ஒரு குறியீட்டை உருவாக்கி, குறியீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதில் சேர்ந்துள்ள தளங்களில் அதே படம் ஏறினால் அடையாளம் கண்டு தடுக்கும். 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் இணையத்தில் பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் தெரிந்த பெண்ணுக்கே இது நடந்தது. சாமர்த்தியம் போதாமல் மாட்டிக்கொண்டோம் என்று நீங்கள் நினைத்து மருகவேண்டாம்.

நம்பரை மாற்றாதீர்கள். வங்கி, ஆதார், பள்ளி, வாடிக்கையாளர் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறார்கள். நீங்கள் மாற்றினால் உங்களுக்கு மெசேஜ் வருவது நிற்கும், உங்கள் உறவினர்களுக்குப் போவது நிற்காது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம். பதிலாக வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், புரொபைல் போட்டோவைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். குரூப்பில் சேர்க்கவும் அவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தெரியாத எண்களின் அழைப்பு மணி அடிக்காமல் இருக்கவும் அங்கேயே வசதி உண்டு. இரவு நிம்மதியாகத் தூங்க அது ஒன்றே பாதி உதவி.

அவசரம் தணிந்த பிறகு, ஒரு வாரம் கழித்துச் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. அந்த ஆப்பிடம் உங்கள் ஆதாரும் பானும் செல்ஃபியும் இருக்கின்றன. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். வாங்கிப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கடன் எதுவும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று தெரியும். சஞ்சார் சாத்தி என்ற அரசு தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். அரசின் ஆதார் ஆப்பில் கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்கலாம். இனிமேல் யாருக்காவது ஆதார் நகல் கொடுக்கவேண்டி வந்தால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள். ஜவுளிக் கடையில் பில் போடும்போது 'போன் நம்பர் சொல்லுங்க' என்பார்கள். சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை, நம்பர் கொடுத்தால்தான் பொருள் என்று வற்புறுத்தக்கூடாது என்று கடைகளுக்கு அறிவுறுத்தியது. நான் என் நம்பரைச் சொல்வதில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கத்தான் செய்கிறார்கள், பரவாயில்லை.

மறுபடி பணத் தேவை வரத்தான் செய்யும், அடுத்த ஜூனும் வரும். மகளிர் குழுவில் கேளுங்கள், கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கேளுங்கள். ஆப்பில்தான் வாங்கவேண்டும் என்றால், 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் முறையான நிறுவனங்களோடு இணைந்த கடன் ஆப்களின் பட்டியலை வைத்திருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முறையாகக் கடன் தருபவர், பணம் தரும் முன்பே வருட வட்டி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் காட்டவேண்டும். வசூலுக்குக் கூப்பிட்டாலும் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது.

தனிப்பட்ட தகவல்களுக்கென்றே 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. தகவலைத் தவறவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. ஆனால் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், முகவரியே இல்லாத கும்பலிடம் அபராதம் வசூலிப்பதும் எளிதில்லை. அதனால் உங்கள் கையில் உள்ள வழி இன்றைக்குக் காவல் நிலையம்தான். ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம். அந்தரங்கம், உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்த அடிப்படை உரிமை. விருதுநகர் மாவட்டத்தில் பிளவுஸ் தைக்கும் பெண்ணுக்கும் அது உண்டு.

கடைசியாக வீட்டுக்காரர். எதை விட்டாலும் இதை விடாதீர்கள், இன்று இரவு நீங்களே சொல்லிவிடுங்கள். படம் ஏற்கெனவே அவருடைய தம்பியிடம் இருக்கிறது. உங்கள் வாயால் கேட்பதும் தம்பி வாயால் கேட்பதும் ஒன்றாகாது. கடன் வாங்கியதை மறைத்ததற்காக அவர் கோபப்படுவார், அது நியாயம்தான், கோபப்படட்டும். வாய் வரவில்லை என்றால் இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவிட்டு, படித்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு வார்த்தை எழுதுகிறேன்: தம்பி, உங்கள் மனைவி கடன் வாங்கியது உங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு. அந்தப் படத்தில் இருப்பது அவர் இல்லை. திருப்பூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்து, காவல் நிலையத்துக்கு அவரோடு கூடப் போங்கள். ஒருவேளை பேச்சு கைமீறிப் போய், சகோதரி, உங்களுக்கு வீட்டிலேயே பயமாக இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: சார்ஜ் போட்ட போன், சார்ஜர், பாஸ்புக், ஆதார் நகல், 1930-இல் தந்த புகார் எண், நீங்கள் எழுதிய அந்த நோட்டு. நோட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.